கரித்துண்டும் நம்ம ஒடம்பும்: பெர்ஃபாமன்ஸ் டிராயிங் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கல்யாண மண்டபத்துலயும் காலேஜ் விழாவுலயும் பாத்திருப்பீங்க, ஒருத்தர் மேடையில அஞ்சு நிமிஷத்துல விறுவிறுன்னு பெயிண்ட அடிச்சு, கடைசியில போர்ட தலைகீழா திருப்பினா அப்துல் கலாம் முகம் வரும், கைதட்டல் பிச்சுக்கும். பெர்ஃபாமன்ஸ் டிராயிங்னு சொன்னதும் நம்மூர்ல பாதிப் பேர் அதத்தான் நெனைக்கிறாங்க. அது இல்ல. அதுல கடைசியில வர்ற முகம்தான் சரக்கு. இதுல வரையுறதுதான் சரக்கு, அதாவது ஒங்க ஒடம்பு எவ்வளவு நேரம் என்ன பண்ணுச்சு, எங்க எட்டுச்சு, எங்க எட்டல, எப்ப களைச்சுப் போச்சு, அதெல்லாம் கோடா பேப்பர்ல எறங்கும், ஆளுங்க அத நேர்ல பாப்பாங்க. கடைசியில ஒரு முகமும் வரலைன்னாலும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது.

இதுக்கு வர்ற புதுசுங்க பெரும்பாலும் "நான் என் அடையாளத்த தேடுறேன்"னு சொல்லிக்கிட்டுதான் வர்றாங்க. நல்ல விஷயம். ஆனா ஒடனே பண்றது என்னன்னா கைரேகைய பெருசா போடுறது, பாதி முகம் பாதி மரம் வரையுறது, பேர நூறு தடவ எழுதுறது. பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு. நான் சொல்றது வேற வழி: ஒங்க கை ஏற்கனவே என்ன சோலி கத்து வச்சிருக்கோ அங்கிருந்து ஆரம்பிங்க. நீங்க யாருங்குறது அதுலயே பாதி வந்துரும், மீதி வரலைன்னா பரவால்ல.

மொதல்ல சோலிய புடிங்க

ஒரு வாரம் எதையும் வரைய வேணாம். வீட்ல யார் கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்க. ஒங்க கையும்தான். மாவு பெசையுறது, பீடி சுத்துறது, தையல் மெஷின் மிதிக்கிறது, பில் போடுறது, பாத்திரம் வெளக்குறது, நாள் பூரா மவுஸ் புடிச்சு கிளிக் பண்றதும் சோலிதான், அத விட்டுறாதீங்க. அப்பா மதுரை செல்லூர்ல தறி ஓட்டுனவரா இருந்து மகன் ஐடி வேலைக்குப் போனவனா இருந்தா, அந்த ரெண்டு கையசைவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே பெரிய கதை.

வீட்ல ஒண்ணும் தோணலையா, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியக்காலைல போங்க. பூ கட்டுற அக்கா கைய ஒரு பத்து நிமிஷம் பாருங்க. ரெண்டு மல்லி இந்தப் பக்கம், ரெண்டு மல்லி எதிர்ப் பக்கம், காம்பு காம்போட சேர, நூல ஒரு சுத்து, விரல்ல ஒரு சுருக்கு, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கண்ணு பூ மேல இருக்காது, வாங்க வர்ற ஆள் மேல இருக்கும், வாயி வெல பேசிக்கிட்டு இருக்கும், கை பாட்டுக்கு அது சோலிய பாத்துக்கிட்டு இருக்கும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடச்சுச்சு, பூவுக்குத்தான் கெடச்சுச்சு, கட்டுற கைக்கு இல்ல. அந்தக் கையோட ஆட்டத்த பேப்பர்ல எறக்கணும்னா எப்படின்னு யோசிங்க, அங்கதான் ஒங்க மொத டிராயிங் இருக்கு.

சுங்குடிச் சேலையும் இதே மாதிரி ஒரு நல்ல பாடம். துணியில ஒரு துளி எடத்த நகத்தால கிள்ளித் தூக்கி, நூலால இறுக்கிச் சுத்தி முடிச்சு போட்டு, சாயத்துல முக்கி, காஞ்சப்புறம் முடிச்ச அவுத்தா அந்த எடம் மட்டும் சாயம் ஏறாம புள்ளியா நிக்கும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்குல முடிச்சு. சௌராஷ்டிரா வீட்டுப் பொம்பளைங்க வீட்ல ஒக்காந்து போட்ட முடிச்சு. அவுத்த நூல் குப்பைக்குப் போயிரும், கடையில சேல மட்டும்தான் தொங்கும். வேல செஞ்சதுக்கு சாட்சி அந்த வெள்ளப் புள்ளி ஒண்ணுதான். இந்தக் கலைல நாம பண்றது அந்தப் புள்ளிய உண்டாக்குறதுதான், ஆனா முடிச்சு போடுறதையும் ஆள் பாக்க வச்சுப் பண்றோம்.

சாமான்

இதுக்கு ரொம்ப செலவு வேணாம். பேப்பருக்கு பிரவுன் பேப்பர் ரோல் போதும், இல்லைன்னா சார்ட் பேப்பர பின்பக்கமா மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டிக்கங்க, முன்பக்கம் ஒட்டுனா கரி அந்த டேப் மேல வழுக்கும். பெருசா வேணும்னா காடாத் துணி வாங்கி செவுத்துல ஆணியடிச்சு மாட்டுங்க. அளவு முக்கியம், நீங்க ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவு வருமோ அதவிட அகலமா இருக்கணும், அப்பதான் எட்டுறது எட்டாதது தெரியும்.

கரிக்கு ஆர்ட் கடையில சார்கோல் குச்சி கெடைக்கும், ஆனா ஒரு மணி நேரம் முழுக்கையால வரஞ்சா ஒரு பாக்ஸ் காலியாயிரும். நாமளே சுட்டுக்கலாம். கலம்காரிக்காரங்க புளியங்குச்சியத்தான் சுட்டு கரியாக்கி துணியில மொதக்கோடு போடுவாங்க. காஞ்ச மெல்லிசு குச்சிய ஒரு பழைய தகர டப்பால நெருக்கமா அடுக்கி, மூடியில ஆணியால ஒரு ஓட்டை போட்டு, மூடி நெருப்புக்குள்ள வைங்க. ஓட்டை வழியா புகை வரும், புகை நின்னதும் வெளிய எடுத்துரலாம். டப்பா நல்லா ஆறுறதுக்கு முன்னாடி தெறக்காதீங்க, காத்து பட்டா உள்ள இருக்குறது தீப்புடிச்சு சாம்பலாயிரும். இஸ்திரிப் பெட்டிக்குப் போடுற கொட்டாங்குச்சிக் கரி வேணாம், அது கெட்டி, பேப்பர கீறி விட்டுரும்.

வெயிட்டுக்கு நாலு செங்கல், முட்டிக்குக் கீழ போட பழைய போர்வ, தண்ணி, மூக்குக்கு மாஸ்க். கரித்தூள், கோலமாவுக் கல்தூள் ரெண்டுமே நெஞ்சுக்குள்ள போகக் கூடாத சாமான், ஃபேன போட்டுட்டு கரி வரையுறத பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க.

ஒரே ஒரு சட்டம்

இதுலதான் நெறைய பேர் தடுமாறுறாங்க. சட்டம் இல்லாம எறங்குனா அஞ்சு நிமிஷத்துல கை பழக்கத்துக்கு கண்ணு மூக்கு பூ இலைன்னு போயிரும். அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வரியில எழுதிருங்க: எந்த அசைவு, எந்தத் தடை, எப்ப நிறுத்தணும்.

அமெரிக்காவுல ராபர்ட் மோரிஸ்னு ஒருத்தர் 1973ல கண்ண மூடிக்கிட்டு வரையுற வரிசை ஒண்ண ஆரம்பிச்சார். வெறுங்கையில கிராஃபைட் தூள, அதாவது பென்சில் முனைத் தூள தொட்டு, இந்த வேலைய இவ்வளவு நேரத்துல முடிக்கிறேன்னு மனசுல கணக்கு போட்டு வரைவார், முடிச்சப்புறம் அந்த ஷீட் மேலயே என்ன பண்ண நெனச்சேன், நேரக் கணக்கு எவ்வளவு தவறுச்சுன்னு எழுதி வச்சுருவார். இத அப்படியே நீங்க வீட்ல செய்யலாம், செலவே இல்ல. கண்ண கட்டிக்கிட்டு உங்க அம்மா தோசை ஊத்துற சுழிய நூறு தடவ போட்டுப் பாருங்க, அம்பதுக்கு மேல எண்ணிக்க தவறும், சுழி ஒரு பக்கமா சரிய ஆரம்பிக்கும். அந்தச் சரிவுதான் நமக்கு வேணும்.

டோனி ஒரிக்கோன்னு இன்னொருத்தர், டான்ஸர், ட்ரிஷா பிரவுன் டான்ஸ் குழுவுல ஆடினவர். பேப்பர் மேல மண்டி போட்டு, படுத்து, ரெண்டு கையிலயும் கிராஃபைட்ட புடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா அரைவட்டம் போடுவார். அவர் கை நீளம்தான் காம்பஸ். நமக்கு இது புதுசு இல்ல, பூ வாங்குனா முழம், கயிறு அளந்தா பாகம், சின்ன அளவுக்கு சாண், எல்லாம் ஒடம்பளவுதான், கட்டையான அக்கா மொழம் போட்டா நமக்கு பூ கொறையும்னு சண்ட போட்டவங்கதான நாம. அதனால மொத பயிற்சியா இத வச்சுக்கங்க: பேப்பர் மேல மல்லாக்கப் படுங்க, கை ரெண்டுலயும் கரி, முழங்கைய தரையிலருந்து தூக்காம எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம் இழுங்க, பதினஞ்சு நிமிஷம். அப்புறம் ஒங்க அக்காவையோ தாத்தாவையோ அதே மாதிரி பக்கத்துல படுக்க வச்சு செய்யச் சொல்லுங்க. தாத்தாவோட வட்டம் ஒரு பக்கம் மட்டும் சின்னதா நிக்கும், ஏன்னு கேட்டா மூட்ட தூக்குன தோள் கத சொல்லுவாரு.

ரெண்டாவது பயிற்சி டவுன் பஸ்ல. வில்லியம் அனஸ்டாசின்னு ஒருத்தர் நியூயார்க் சப்வேயில மடியில அட்டய வச்சு, ரெண்டு கையிலயும் பென்சில், கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்துருவார், ரயில் ஆட்டுறபடி கோடு விழும். பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறி திருப்பரங்குன்றம் வரைக்கும் போங்க, பள்ளம், பிரேக்கு, கண்டக்டர் விசில் எல்லாம் விழும். ஒக்கார சீட் கெடைக்கணும், அது ஒங்க அதிர்ஷ்டம். தெனமும் வேலைக்குப் போற அதே ரூட்ல, அதே நேரத்துல பண்ணுங்க, அப்பதான் அது வெளையாட்டா நிக்காம ஒங்க வேல நாளோட கணக்கா மாறும்.

கோலத்த பத்தி ஒரு வார்த்த

கோலத்த விட்டுட்டு இத பேச முடியாது, விடியக்காலைல தெருவுல நின்னு, குனிஞ்சு, ஆளுங்க பாக்க வரையுற வேலைய நம்ம ஊர் பொம்பளைங்க காலங்காலமா பண்றாங்க, அதுக்கு யாரும் பெர்ஃபாமன்ஸ்னு பேரும் வைக்கல சம்பளமும் குடுக்கல. ஆனா அதையே தூக்கி மேடையில வச்சு "இதோ என் பண்பாடு"ன்னு காட்டுனா வெறும் மார்கழி கோலப்போட்டிதான் வரும். நான் சொல்றது இப்படி: ஒரு பெரிய வெள்ளத் துணிய விரிங்க, பாதத்துல காவிய கொழச்சுத் தடவுங்க, கையில மாவு எடுக்காம வெறுங்கையாலயே ஒங்க வீட்டுச் சிக்குக்கோலத்த முழுசா போடுங்க, புள்ளி வச்சு, வளைச்சு, எந்திரிச்சு, சுத்தி வந்து. கடைசியில கோலம் இருக்காது, அதப் போட்ட காலடி மட்டும் இருக்கும். எத்தன தடவ ஒக்காந்து எந்திரிச்சிருக்காங்கன்னு அப்பத்தான் வீட்டு ஆம்பளைங்களுக்கு ஒறைக்கும். ஆம்பளைங்க பண்றதா இருந்தா இன்னும் நல்லது, மொதல்ல அம்மாகிட்ட கோலம் கத்துக்கணும், அந்த கத்துக்குற நேரத்தையும் வேலைல சேத்துக்கங்க.

எடமும் பர்மிஷனும்

மொத நாலஞ்சு தடவ மொட்டமாடியே போதும். காலைல ஆறு மணி, இல்ல சாயங்காலம் வெயில் எறங்குனப்புறம். அக்கினி நட்சத்திரத்துல பகல்ல மாடிப் பக்கம் போகாதீங்க, பாதம் வெந்துரும்.

வெளிய போகணும்னு தோணும், தோணத்தான் செய்யும். சமணர் மலை, யானைமலை, நாயக்கர் மஹால் இங்கெல்லாம் பாறையிலயோ தூண்லயோ ஒரு கோடு கூட போடக் கூடாது, கரியா இருந்தாலும் சரி, தொடச்சா போயிரும்னு சொன்னாலும் சரி, அதெல்லாம் பாதுகாக்கப்பட்ட எடம். பொதுச் செவுத்துல வரையுறதும் அப்படித்தான், பொது இடத்த அலங்கோலப்படுத்துறத தடுக்க தமிழ்நாட்டுல 1959லயே சட்டம் போட்டாச்சு. ரோட்ல, பார்க்ல ஆள் கூடுற மாதிரி பண்றதா இருந்தா அந்த ஏரியா ஸ்டேஷன்ல முன்கூட்டியே எழுதிக் குடுங்க, பேப்பர விரிச்சு பேப்பர் மேலதான் வரைவோம், தரைய தொட மாட்டோம், இத்தன மணிக்கு காலி பண்ணிருவோம்னு தெளிவா எழுதுங்க. மீனாட்சியம்மன் கோயில் சுத்துப்பட்டுல செக்யூரிட்டி ரொம்ப, அங்க மொத தடவயே போய் நிக்காதீங்க. கோயிலுக்குள்ள செல்போனே கொண்டு போக முடியாது. ஃப்ரெண்டோட கடை ஷட்டர் முன்னாடி, டைலர் கடை மாடி, பள்ளிக்கூட வெராண்டா, இதுல எதாவது கேட்டா சிரிச்சுக்கிட்டே குடுத்துருவாங்க.

தெருவுல தரையில உருண்டு வரஞ்சா கண்டிப்பா ஒரு பாட்டி வந்து "ஏம்மா, என்ன வேண்டுதலா?"ன்னு கேக்கும். மொறைக்காதீங்க. வேலைய நிறுத்தாமலே பதில் சொல்லுங்க, இல்ல ஒரு ஃப்ரெண்ட பக்கத்துல நிப்பாட்டி அவங்கள பதில் சொல்ல வைங்க. "எங்க ஆத்தா அம்மி அரச்ச மாதிரி அரைக்கிறேன் பாட்டி, அது எப்படி கோடா வருதுன்னு பாக்குறேன்"னு சொன்னா போதும், அந்தப் பாட்டி குத்தவச்சு ஒக்காந்து "இப்படி இல்லடி, குழவிய உருட்டி இழுக்கணும்"னு சொல்லிக் குடுக்கும். அந்த நிமிஷம் டிராயிங் மாறிரும். மாறட்டும்.

செய்யும்போது

மணிக்கட்ட, தோள, இடுப்ப முன்னாடியே சுத்தி தளத்திக்கங்க. மொத தடவ இருவது நிமிஷத்துக்கு மேல வேணாம். ஒரு அலாரம் வச்சுட்டு போன தள்ளி வச்சிருங்க. ஆரம்பத்துல எல்லாரும் வேகமா, அழகா வரையப் பாப்பாங்க, கொஞ்ச நேரத்துல போரடிக்கும், அதுக்கு மேல கை வலிக்கும், அதுக்கப்புறம்தான் கை தானா ஒரு தாளத்துக்கு வரும். போரடிக்கிற நேரத்துல நிறுத்திராதீங்க, ஆனா வலிச்சா நிறுத்துங்க. வலிய தாங்குறதுதான் கலைன்னு சிலர் பேசுவாங்க, வேலைல முட்டி தேஞ்சவங்க நம்ம வீட்லயே இருக்காங்க, அத நடிச்சுக் காட்டணும்னு ஒண்ணும் இல்ல.

என்ன உடுத்துறது

இது சின்ன விஷயம் இல்ல, மதுரைக்காரங்களுக்குத் தெரியும். 1921 செப்டம்பர்ல மேலமாசி வீதி வீட்லதான் காந்தி இடுப்புத் துணிக்கு மாறினாரு, அப்புறம் சாகுற வரைக்கும் அதுதான். ஒரு உடுப்பு மாத்துனதே ஊருக்கு ஒரு சேதி.

இந்த வகையில நிகில் சோப்ராவ கண்டிப்பா பாருங்க, கோவால இருக்குற ஓவியர். யோக் ராஜ் சித்ரகார்னு ஒரு ஆளா வேஷம் கட்டுவார், நிலக்காட்சி வரஞ்ச அவரோட தாத்தாவ மனசுல வச்சு உண்டாக்குன ஆள் அது. அந்த வேஷத்துலயே இருந்து, சாப்ட்டு, தூங்கி, ஷேவ் பண்ணி, நாள்கணக்கா கரியில பெரிய பெரிய நிலக்காட்சி வரைவார். 2019ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல 9 நாள் தொடர்ந்து பண்ணாரு. கவனிங்க, அவர் எடுத்தது சொந்த தாத்தா.

அதத்தான் சொல்ல வர்றேன். அடுத்தவன் சாதித் தொழில, அடுத்தவன் கஷ்டத்த உடுப்பா போட்டுக்கிட்டு எறங்காதீங்க. துப்புரவுத் தொழிலாளி யூனிஃபார்ம மாட்டிக்கிட்டு ஏசி ஹால்ல தொடப்பத்தால வரையுறது பாக்க பரபரப்பா இருக்கும், எனக்கு அசிங்கமா இருக்கும். மொத வருஷம் ஒங்க வீட்டு உடுப்பு, ஒங்க வேல உடுப்பு போதும். பேங்க்ல வேல பாத்தா ஐடி கார்டோட, ஃபுல்ஹேண்ட் சட்டையோட கரி வரைங்க, சட்ட எங்க எங்க கருக்குதுன்னு பாருங்க.

அடுத்தவங்க வேலைய வரையுறது

அது கூடாதுன்னா அடுத்தவங்க பக்கமே போகக் கூடாதான்னு கேட்டா, போகலாம், மோர்கன் ஓ'ஹாராங்குற அமெரிக்க ஓவியர் போன மாதிரி போகலாம். அவங்க வேல செய்யுறவங்க எதிர்ல ஒக்காந்து, கையில பென்சில்கள புடிச்சுக்கிட்டு, அந்தக் கை எங்க போகுதோ அங்க பென்சிலையும் ஓட விடுவாங்க. சமையக்காரர், சங்கீதக்காரர்னு பலபேர இப்படி வரஞ்சிருக்காங்க. வேல செய்யுறவங்களா வேஷம் போட்டு நடிக்கல, அவங்க கைக்குப் பின்னாடி போறாங்க.

நம்ம ஊர்ல ராத்திரி பரோட்டா மாஸ்டர் எதிர்ல நின்னு பண்ணிப் பாருங்க, மாவ வீசுற அந்த எட்டு மாதிரி சுத்து ரெண்டு கையிலயும் ஒரே நேரத்துல வராது, வலது கை முந்தும். விளாச்சேரில பொம்ம பண்றவங்க களிமண்ண அச்சுல அழுத்துற பெருவிரல பாருங்க. ஆனா கேட்டுட்டு பண்ணுங்க. "அக்கா, ஒங்க கை ஆடுறத வரஞ்சுக்கவா?" "வரஞ்சு என்ன பண்ணப் போற, பூ வாங்குறியா இல்லையா?" அது நியாயமான கேள்வி. பூ வாங்குங்க. வியாபார நேரத்துல ஒக்காந்து எடத்த அடைச்சா அதுக்கு காசு குடுங்க. வரஞ்சத காட்டுங்க, ஒரு காப்பி குடுங்க, பேர் போடவா வேணாமான்னு கேளுங்க. அவங்க ஒழைப்ப வச்சு நாம பேர் வாங்கிட்டு அவங்களுக்கு ஒரு டீயோட முடிச்சுக்கிறது நல்லா இல்ல.

ஒங்க கூலி

இந்த வேலைல கலைஞரோட உழைப்பு எங்கன்னு கேட்டா எல்லாம் கண் முன்னாடியே நடக்குது, ஆனாலும் காசு பேசுனா மட்டும் யாருக்கும் கண் தெரியாது. பேர் சொல்ல விரும்பல, ஒரு எடத்துல சாயங்காலம் பூரா தரையில கெடந்து வரஞ்சு முடிச்சா பொன்னாட போத்தி மொமெண்டோ குடுத்தாங்க, ஆட்டோ காசு கேட்டதுக்கு "ஒங்களுக்கு மேடை குடுத்தோம்ல"ன்னு ஒரு பதில், அப்புறம் திரும்பிப் பாத்தா அந்தப் பேப்பர கூட்டிப் பெருக்கி சுருட்டிக்கிட்டு இருக்காங்க. அதனால முன்னாடியே எழுத்துல வாங்கிக்கங்க, வாட்ஸப் மெசேஜா இருந்தாலும் சரி: சாமான் செலவு, போக்குவரத்து, பயிற்சி எடுத்த நேரம், செய்யுற நேரம், அப்புறம் முடிஞ்ச டிராயிங் யாருக்கு, வீடியோ யாருக்கு. இந்த அஞ்சாறு வெவரம் போதும்.

கூலி கணக்கு தெரியலைன்னா இப்படி ஆரம்பிங்க. நீங்க எந்த வேலையோட அசைவ எடுத்தீங்களோ அந்த வேலைக்கு ஊர்ல இன்னைக்கு ஒரு நாள் கூலி என்னன்னு விசாரிங்க. அத டிராயிங் ஓரத்துலயே எழுதுங்க, நீங்க செஞ்ச மணி நேரத்தையும் எழுதுங்க, ஒங்களுக்கு கெடச்சது சைபர்னா சைபர்னு எழுதுங்க. பாக்க வர்றவங்க கோட்ட பாத்துட்டு அந்த நம்பர்கிட்டத்தான் ரொம்ப நேரம் நிப்பாங்க.

அமெரிக்கக் கலைஞர் மிர்லே லேடர்மன் யூகிலீஸ் இந்த விஷயத்துல பெரிய ஆளு. கொழந்த பொறந்தப்புறம் வீட்டு வேல பாக்கவே நாள் போகுது, எப்ப கலை பண்றதுன்னு வந்த எரிச்சல்ல 1969ல ஒரு அறிக்க எழுதுனாங்க, பராமரிப்பு வேலையே என் கலைன்னு. 1973ல ஹார்ட்ஃபோர்டுல ஒரு மியூசியத்தோட படிக்கட்ட மண்டி போட்டு கழுவுனாங்க. பின்னாடி நியூயார்க்ல துப்புரவுத் தொழிலாளர்கள் 8,500 பேரையும் ஒவ்வொருத்தரா பாத்து கைகுலுக்கி நன்றி சொன்னாங்க. அவங்க பண்ணது டிராயிங் இல்லதான், ஆனா வீட்டு வேலையால வரைய நேரம் இல்லன்னு சொல்ற பொண்ணுங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இவங்க பேரத்தான்.

வீடியோ, பேப்பர், ராமபாணம்

ஒரே ஒரு போன், ட்ரைபாட்ல, அசையாம, மொத நிமிஷத்துலருந்து கடைசி வரைக்கும். டைம்லேப்ஸ மட்டும் நம்பாதீங்க, ரெண்டு மணி நேர ஒழைப்ப முப்பது செகண்ட் ரீல்ஸா ஓட்டுனா ஒழைப்பு காணாமப் போயிருது, அதுக்குத்தான இம்புட்டு பாடு பட்டோம். முழு வீடியோவும் இருக்கட்டும், ரீல்ஸ் தனியா போட்டுக்கங்க. ஏரோபிளேன் மோட்ல போடுங்க, நடுவுல மாமா கால் பண்ணா ரெக்கார்டிங் கட்டாயிரும். ஸ்டோரேஜ காலி பண்ணி வைங்க.

முடிஞ்ச பேப்பர ஒடனே சுருட்டாதீங்க. செவுத்துல தொங்க விட்டு லேசா தட்டுனா உதிர வேண்டிய தூள் உதிரும். கரி உதிராம புடிச்சு வைக்கிற ஃபிக்ஸேட்டிவ் வாங்க காசில்லைன்னா ஹேர் ஸ்ப்ரே அடிக்கலாம், ஒரு கை தூரத்துல இருந்து, ரெண்டு மூணு தடவ மெல்லிசா, ஜன்னலத் தெறந்து வச்சுக்கிட்டு. பின்பக்கம் தேதி, எடம், எத்தன மணி நேரம், அந்த ஒரு வரிச் சட்டம், யார் கைய பாத்து வரஞ்சதுன்னு பென்சில்ல எழுதிருங்க. மேல நியூஸ்பேப்பர் போட்டு சேத்துச் சுருட்டி, ஹார்ட்வேர் கடையில அகலமான பிவிசி பைப் துண்டு ஒண்ணு வெட்டி வாங்கி அதுக்குள்ள போட்டு ரெண்டு பக்கமும் மூடி போட்டுருங்க, உள்ள நாலு அந்துருண்ட. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவ வெளிய எடுத்து நெழல்ல விரிச்சு பாத்துக்கங்க, ராமபாணம்ங்குற பூச்சி ஒரு தடவ உள்ள பூந்துட்டா கரிய விட்டுட்டு பேப்பர மட்டும் தின்னுட்டுப் போயிரும்.